குற்றவாளி சிக்கலைன்னாலும் இழப்பீடு உண்டு

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கங்க.

செமஸ்டர் லீவு முடிஞ்சு உங்க ரூம்மேட் ஊர்ல இருந்து வர்றான். ராத்திரி பத்தரை மணி. பஸ் மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுட்டுப் போயிடுச்சு. ஹாஸ்டலுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். பின்னாடி ஒரு பைக்ல ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தன் போனைப் பிடுங்குறான். இவன் விடலை. கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போய், தள்ளி விட்டுட்டுப் பறந்துடுறாங்க.

தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன், பிளேட், மூணு மாசம் படுக்கை. ஒரு செமஸ்டர் போச்சு. அப்பா ஊர்ல டெய்லர். மகனைப் பார்த்துக்கிறதுக்காகக் கடையை மூடிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருக்கார். பைக் நம்பரை யாரும் பார்க்கலை. அந்த ரோட்டுல கேமரா கிடையாது.

இந்தச் செலவை யார் கொடுப்பாங்க?

"ஆளைப் பிடிச்சாத்தானே கேட்க முடியும்?" நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்ற பதில் இதுதான். நல்லாப் படிச்சவங்களும் இதைத்தான் சொல்றாங்க. ஆனா இந்தப் பதில் தப்பு. 2009 டிசம்பர் 31-ல் இருந்தே சட்டப்படி தப்பு. குற்றவாளி யாருன்னே தெரியாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் மாநில அரசிடம் இழப்பீடு கேட்கலாம். அதுக்குச் சட்டப் பிரிவு இருக்கு, நிதி இருக்கு, ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் விண்ணப்பம் வாங்க ஓர் அலுவலகமும் இருக்கு. பெரும்பாலும் இல்லாதது, கேட்கிற ஆள்தான்.

அரசு ஏன் கொடுக்கணும்?

நியாயமான கேள்வி. அடிச்சவன் ஒருத்தன், அரசு எதுக்குப் பணம் தரணும்?

ஒரு கிரிமினல் வழக்கின் தலைப்பைப் பாருங்க. "அரசு எதிர் இன்னார்"னு இருக்கும். அடிபட்டவர் பேர் தலைப்பிலேயே இருக்காது. அவர் வெறும் சாட்சி, "அ.சா.1". குற்றம் என்பது அரசுக்கு எதிரானது, தண்டிக்கும் உரிமை அரசுக்கே என்பதுதான் நவீனச் சட்டத்தின் அடிப்படை. "நீ ஆயுதம் வெச்சுக்காதே, பழிவாங்கக் கிளம்பாதே, உன் பாதுகாப்பை நான் பார்த்துக்கிறேன்"னு அரசு நம்மகிட்ட சொல்லுது. நாமும் ஒத்துக்கிட்டோம். சரி, பார்த்துக்க முடியாமப் போனா? வாக்குக் கொடுத்தவருக்கும் அதில் ஒரு பொறுப்பு இருக்குதானே.

இங்கிலாந்தில் மார்ஜரி ஃப்ரை என்ற சீர்திருத்தவாதி 1950-களில் இந்தக் கருத்தை விடாமல் வலியுறுத்தினார். அவர் 1958-ல் இறந்துபோனார். ஆனால் உலகிலேயே முதல் நாடாக நியூசிலாந்து 1964 ஜனவரியில் அரசு இழப்பீட்டுத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரிட்டனும், 1965-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமும் பின்தொடர்ந்தன. 1985-ல் ஐ.நா. பொதுச்சபை குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி பற்றிய பிரகடனத்தை ஏற்றது. குற்றவாளியிடமிருந்து முழு ஈடு கிடைக்காதபோது அரசுகள் உதவ முயல வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி.

இந்தியாவில் என்ன நிலைமை? 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 357 இருந்தது. குற்றம் நிரூபணமானால், குற்றவாளி கட்டும் அபராதத்தில் இருந்தோ, அவரிடமிருந்து தனியாகவோ இழப்பீடு வாங்கித் தர நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் கொடுத்தது. படிக்க நல்லா இருக்கு. ஆனா அது வேலை செய்ய ஆள் பிடிபடணும், வழக்கு நடக்கணும், தண்டனை கிடைக்கணும், தண்டிக்கப்பட்டவர்கிட்ட பணமும் இருக்கணும். நாலும் ஒண்ணா அமையணும். ஒண்ணு தவறினாலும் கையில ஒண்ணும் வராது.

சட்ட ஆணையம் 1996-ல் தன் 154-ஆவது அறிக்கையில் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தது. அதில் சேர்க்கப்பட்ட பிரிவு 357ஏ, 2009-ன் கடைசி நாளில் அமலுக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால், அதே விஷயம் இப்போது பிரிவு 396-ல் இருக்கிறது. நம்பர் மாறிடுச்சு, உரிமை மாறலை.

நாலு கதவு

பிரிவு 396-ஐ ஒரு ஃப்ளோசார்ட்டா யோசிச்சா எளிது. வழக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு திறந்திருக்கும்.

ஒண்ணு: குற்றவாளி தண்டிக்கப்பட்டார், ஆனால் அவர் தரும் பணம் பாதிக்கப்பட்டவரின் மறுவாழ்வுக்குப் போதவில்லை. அப்போது விசாரணை நீதிமன்றமே அரசு இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம்.

ரெண்டு: குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆகிவிட்டார். சாட்சி போதலை, சந்தேகத்தின் பலன் கொடுத்துட்டாங்க. அதனால உங்களுக்கு நடந்தது நடக்காததா ஆயிடாது இல்லையா? மறுவாழ்வு தேவைப்பட்டால் அப்போதும் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம்.

மூணு: குற்றவாளி யாருன்னே தெரியலை, வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. நம்ம ரூம்மேட் கேஸ் இதுதான். அப்போது பாதிக்கப்பட்டவரோ, அவரைச் சார்ந்து வாழ்பவர்களோ நேரடியாக மாநில அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வந்தால் உரிய விசாரணை நடத்தி இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நாலு: இடைக்கால நிவாரணம். ஆஸ்பத்திரியில கிடக்கிறவருக்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க முடியாது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ நீதித்துறை நடுவரோ சான்று கொடுத்தால், உடனடி முதலுதவி, மருத்துவ வசதி அல்லது வேறு இடைக்கால உதவிக்கு ஆணைக்குழு உத்தரவிடலாம்.

இந்த நாலாவது கதவு சட்டப் புத்தகத்தில் இருந்தும் பல ஆண்டுகள் யாரும் தட்டாமலேயே கிடந்தது. 2000-ஆம் ஆண்டு ஹரியானாவில் பணத்துக்காகத் தந்தையும் மகனும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். வழக்கு கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வந்தது. 2014 நவம்பரில் 'சுரேஷ் எதிர் ஹரியானா மாநிலம்' தீர்ப்பை எழுதும்போதுதான், அந்தக் குடும்பத்துக்கு அதுவரை எந்த நீதிமன்றமும் இழப்பீடு வழங்கவே இல்லை என்று நீதிபதிகள் கவனித்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டார்கள். அதோடு, இனி எந்தக் கிரிமினல் வழக்கிலும் பாதிக்கப்பட்டவருக்கு உடனடி உதவி தேவையா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்க வேண்டும், அவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். சம்பவம் நடந்து பதினாலு வருஷம் கழித்து.

இது சமாதானப் பணம் இல்லை

இழப்பீடுன்னு சொன்னதும் பல குடும்பங்கள் பின்வாங்கக் காரணம் ஒண்ணு இருக்கு. "காசை வாங்கிட்டு கேஸை விட்டுட்டாங்கன்னு ஊர் பேசும்." குறிப்பா, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் வீட்டில் இந்தப் பயம் அதிகம்.

ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம். எதிர்த்தரப்பு ஆள் அனுப்பி, பஞ்சாயத்து வைத்து, "இவ்வளவு தர்றோம், புகாரை வாபஸ் வாங்கிக்க"ன்னு தர்றது சமாதானப் பணம். அது நீதியை விலைக்கு வாங்குற முயற்சி. அரசு இழப்பீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதை வாங்குவதால் வழக்கு நிற்காது, தண்டனை குறையாது, நீங்க எதிலயும் கையெழுத்துப் போட்டு எதையும் விட்டுக்கொடுக்கப் போறதும் இல்லை. வழக்கு தன் பாட்டுக்கு நடக்கும். ஃபிசியோதெரபியும் கவுன்சிலிங்கும் படிப்பும் தன் பாட்டுக்குத் தொடரணும், அதுக்குத்தான் இந்தப் பணம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெரிய சம்பவம் நடந்தா முதலமைச்சர் நிவாரணம் அறிவிச்சார்னு பேப்பர்ல வரும். அது அரசு விரும்பிக் கொடுப்பது. பேப்பர்ல வந்த சம்பவத்துக்குக் கிடைக்கும், வராத சம்பவத்துக்குக் கிடைக்காமலும் போகலாம். பிரிவு 396-ன் கீழ் கேட்பது அப்படி இல்லை. உங்க ஊர்ல யாருக்கும் தெரியாத சம்பவமா இருந்தாலும் நீங்க விண்ணப்பிக்கலாம், அதை விசாரித்து முடிவு சொல்ல வேண்டிய கடமை ஆணைக்குழுவுக்கு உண்டு.

காரைக்காலில் இருந்து ஒரு கணக்கு

இந்தத் திட்டங்கள் தானாகக் கனியவில்லை. நம்ம வயசுக்காரங்க பட்ட காயம் அதன் பின்னால் இருக்கு.

2012 நவம்பர் 14. காரைக்காலைச் சேர்ந்த ஒரு பொறியியல் பட்டதாரிப் பெண், தீபாவளி விடுமுறை முடிந்து சென்னையில் இருந்த ஐ.டி. வேலைக்குத் திரும்பக் கிளம்பினார். காதலை மறுத்தார் என்பதற்காக ஒருவன் அவர் மீது ஆசிட் வீசினான். இரண்டு கண்ணிலும் பார்வை போனது. மூன்று மாதம் சிகிச்சை நடந்தது. அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாத செலவு. முகம் தெரியாத பலர் பணம் அனுப்பினார்கள். 2013 பிப்ரவரி 12 அன்று அவர் சென்னையில் இறந்தார். அவருடைய சிகிச்சை பொதுமக்களின் இரக்கத்தை நம்பி நடந்தது என்பதை மறக்க வேண்டாம். இரக்கம் எல்லாருக்கும் வரும்னு சொல்ல முடியாது. செய்தியாகாத ஒருத்தருக்கு யார் அனுப்புவாங்க?

அந்த நேரத்தில் டெல்லியில் 2005-ல் ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி என்ற பெண் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 2013 ஜூலை 18 அன்று வந்த உத்தரவு, கடைகளில் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு குறைந்தது 3 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் 1 லட்சம் சம்பவம் அரசின் கவனத்துக்கு வந்த 15 நாட்களுக்குள், மீதி 2 லட்சம் அடுத்த இரண்டு மாதத்துக்குள் என்று கெடுவும் வைத்தது. 2015 ஏப்ரலில் அதே வழக்கில், தனியார் மருத்துவமனைகளும் இவர்களுக்கு இலவச சிகிச்சை தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

சிகிச்சை பற்றிச் சட்டமும் இருக்கு. ஆசிட் வீச்சு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகளுக்கு எதிரான கடுமையான பாலியல் குற்றங்கள் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர் வந்தால், அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் உடனடியாக இலவச சிகிச்சை தந்து போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இது இப்போது பிரிவு 397. "முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

2018-ல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கான தனி இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, நாடு முழுக்க 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன் முக்கியமான தொகைகள் இவை:

உயிரிழப்பு: 5 முதல் 10 லட்சம்.
கூட்டுப் பாலியல் வன்கொடுமை: 5 முதல் 10 லட்சம்.
பாலியல் வன்கொடுமை: 4 முதல் 7 லட்சம்.
ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால்: 7 முதல் 8 லட்சம்.
80 சதவீதத்துக்கு மேல் நிரந்தர ஊனம்: 2 முதல் 5 லட்சம்.
மறுவாழ்வு தேவைப்படும் கடுமையான உடல் அல்லது மனக் காயம்: 1 முதல் 2 லட்சம்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இதற்கு மேல் 50 சதவீதம் கூடுதல். முழுத் தொகையும் உடனே கைக்கு வராது. பொதுவாக 25 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம், 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்படும். மருத்துவம், படிப்பு மாதிரி அவசரம்னா ஆணைக்குழுவிடம் கேட்டு முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. சொந்தக்காரங்க பிடுங்கிக்கக் கூடாது என்பதற்கும் இது ஒரு காவல்.

ஆண்களுக்கு? நம்ம ரூம்மேட் மாதிரியானவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 2013-ஆம் ஆண்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கெனத் தனி அட்டவணை உண்டு. ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கணும். இது தொலைஞ்ச போனுக்கு ஈடு தர்ற இன்சூரன்ஸ் இல்லை. ஆபரேஷன் பில் மொத்தத்தையும் அடைக்கும்னும் எதிர்பார்க்க வேண்டாம். உடைந்த வாழ்க்கையை மறுபடி ஓட வைக்கிறதுக்கான உதவி. டெய்லர் கடையை மூணு மாசம் மூடி வெச்சிருக்கிற ஒரு அப்பாவுக்கு, அந்த உதவியும் சின்ன விஷயம் இல்லை.

ஸ்டேஷனில் இருந்து செக் வரை

இனி, நண்பர்களா நாம என்ன செய்யணும்? அடிபட்டவன் படுத்திருப்பான், அப்பா பதறிப் போயிருப்பார். அலையப் போறது நாமதான்.

முதல் வேலை, எஃப்.ஐ.ஆர். நம்ம ஊர்ல புகார் கொடுத்தா பல நேரம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிடுவாங்க. அது புகார் வாங்கினதுக்கான ரசீது மட்டும்தான். சி.எஸ்.ஆர். வேற, எஃப்.ஐ.ஆர். வேற. இழப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். காப்பி முக்கியம். அதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 173 சொல்கிறது. "எங்க லிமிட் இல்லை"ன்னு அலைக்கழிக்கவும் முடியாது; எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். அப்பவும் நடக்கலைன்னா மாஜிஸ்திரேட்.

ரெண்டாவது, ஆஸ்பத்திரிக் காகிதம். அட்மிஷன் போடும்போதே "கீழே விழுந்துட்டான்"னு சொல்லித் தொலைக்காதீங்க. போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு பயந்து பலர் அப்படித்தான் சொல்றாங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அதுதான் ஏ.ஆர். காப்பியில் பதிவாகும். பின்னாடி எதை மாத்தினாலும் அந்த ஒரு வரியை மாத்த முடியாது. ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்லும் ஒரு ஃபைல்ல போடுங்க. போட்டோ எடுத்து டிரைவ்லயும் ஏத்தி வைங்க.

மூணாவது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். மாவட்ட நீதிபதிதான் தலைவர். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு உண்டு. விண்ணப்பத்தோட எஃப்.ஐ.ஆர். காப்பி, மருத்துவச் சான்றுகள், அடையாள அட்டை, பாதிக்கப்பட்டவர் பேரில் வங்கிக் கணக்கு விவரம் வைக்கணும். இறந்துபோனவருக்காகக் குடும்பம் கேட்டால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். கட்டணம் கிடையாது. இடைக்கால உதவி வேணும்னா அதையும் அதே மனுவில் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்க. கேட்காம விட்டா பெரும்பாலும் கிடைக்காது. கொடுத்ததுக்குத் தேதி போட்ட ஒப்புகை வாங்காம வெளியே வராதீங்க. ரெண்டு மாசக் கெடு அந்தத் தேதியை வெச்சுத்தான் பேச முடியும்.

நாலாவது, வக்கீல். இதே ஆணைக்குழு இலவச வக்கீலையும் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இந்த உரிமை உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

காலம் கடத்தக் கூடாது. பெண்களுக்கான திட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் ஏற்கவும் இடம் உண்டு. ஆனா மூணு வருஷம் இருக்கேன்னு உட்கார்ந்தா, காகிதமும் தொலையும் மனசும் ஆறிப்போகும். கேட்டது மறுக்கப்பட்டாலோ தொகை குறைவாக இருந்தாலோ மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நடுவுல ஒரு எச்சரிக்கை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பேரையோ, அடையாளம் தெரியும் எந்த விவரத்தையோ வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. "நம்ம காலேஜ் பொண்ணு, நீதி வேணும்"னு நல்ல எண்ணத்துல போடுற ஸ்டேட்டஸும் இதுல அடங்கும். கூட நிற்கணும்னா ஃபைலைத் தூக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போங்க. போட்டோவை ஃபார்வர்டு பண்ணாதீங்க.

பக்கத்துக் கதவுகள்

சில குற்றங்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கு.

18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீதான பாலியல் குற்றம்னா போக்சோ. முதலாமாண்டு சேரும்போது நம்மில் பலருக்குப் பதினேழுதான், ஞாபகம் இருக்கட்டும். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பட்டியல் இன, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமைகளுக்கு 1995-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. 2016 திருத்தத்துக்குப் பிறகு குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை. எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எனக் கட்டம் கட்டமாகக் கிடைக்கும். கொலை வழக்கில் பாதித் தொகை பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே தரப்பட வேண்டும்.

வண்டி இடிச்சிட்டு நிற்காமப் போயிட்டா? 2022 ஏப்ரல் 1 முதல், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000, 12,500 தான். இதுக்கு வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

205

இந்த ஹிட் அண்ட் ரன் திட்டத்தோட கணக்கைப் பார்த்தா, முழுப் பிரச்சினையும் ஒரே எண்ணில் புரியும். 2022-ல் நாடு முழுக்க 67,387 ஹிட் அண்ட் ரன் விபத்துகள் நடந்தன. 2022-23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை? 205. அதிலும் 95-தான் தீர்க்கப்பட்டன. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த எண்களைக் குறிப்பிட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு இழப்பீடு இருக்கிறது என்று காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி குடும்பத்துக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

67,387-ல் 205. பணம் இல்லாததால் நின்றுபோன கணக்கு இல்லை இது. சொல்ல ஆள் இல்லாததால் நின்றது.

குற்ற இழப்பீட்டிலும் குறைகள் நிறைய. குறைந்தபட்சம், அதிகபட்சம்னு இடைவெளி விட்டிருப்பதால் ஒரே மாதிரிக் காயத்துக்கு ரெண்டு மாவட்டத்தில் ரெண்டு தொகை வரலாம். ரெண்டு மாசக் கெடு சட்டத்தில் இருந்தாலும், கேட்டுக்கிட்டே இருக்கிறவங்க ஃபைல்தான் நகரும். நீதிமன்றங்கள் தாமாகப் பரிந்துரைக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இதெல்லாம் மாறணும். ஆனா மாறுற வரைக்கும் காத்திருக்க நம்ம ரூம்மேட்டுக்கு நேரம் இல்லை.

மறுபடி அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு வாங்க. அப்பா பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். ஊருக்கு யாருக்கோ போன் போட்டு, வட்டிக்குப் பணம் கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டு இருக்கார். அவர் பக்கத்துல போய் உட்கார்ந்து, "அப்பா, சி.எஸ்.ஆர். மட்டும்தான் கொடுத்திருக்காங்க. காலையில முதல் வேலையா எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கிடலாம். அப்புறம் கோர்ட்டு வளாகத்துல ஒரு ஆபீஸ் இருக்கு, நானும் கூட வர்றேன்"னு சொல்ல ஒருத்தர் இருந்தாப் போதும்.

அந்த ஒருத்தர் நீங்களா இருக்கலாம். இப்பவே மூணு நம்பரைப் போன்ல ஏத்தி வைங்க. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. தேவைப்படாமலே போகட்டும். தேவைப்பட்டா, 205-ஐ 206 ஆக்குங்க.